ராணியின் வலது கைக் காப்பு

கொற்கைப் பக்கம் இருக்கும் புதுக்கோட்டையில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இரும்புக்கடை வைத்திருக்கும் இசக்கியப்பன் அண்ணாச்சிக்கு அறுபத்துநாலு வயது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. இந்துமதி என்ற பெயரைக் கேட்டால் மட்டும் வயிறு எரியும். ஐம்பது வருடமாக எரிகிறது. டாக்டரிடம் சொல்லக்கூடிய நோயா அது?

போன மாதம் அந்த எரிச்சலில் ஒரு டின் எண்ணெய் ஊற்றினார்கள். அவர் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா. வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்து, பள்ளி நாடகங்களின் தொடக்கம் என்று தலைப்புப் போட்டு, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பெரிதாக்கியிருந்தார்கள். கிரீடமும் முத்துமாலையுமாக ஒரு ராணி. கீழே, ‘நம் பள்ளி மேடையின் முதல் கதாநாயகி, பேராசிரியை இந்துமதி’ என்று எழுதியிருந்தது. ஆணி வாங்க வந்தவர் சொல்லக் கேட்டு, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அண்ணாச்சி ஓடிப்போய்ப் பார்த்தார். பொறுக்குமா? அந்த ராணி இசக்கியப்பன்.

முதலிலிருந்து சொன்னால்தான் அவர் பக்கத்து நியாயம் புரியும். பள்ளி தொடங்கிய வருடம், புரட்டாசியில் புதுக் கட்டிடம் திறந்தார்கள். விழாவுக்கு நாடகம் வேண்டுமென்று தமிழய்யா கொற்கை ராணி ஒருத்தியைக் கற்பனை செய்து ஒன்று எழுதினார். பள்ளியில் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் மேடையேற ஒரு வீட்டிலும் விடவில்லை. எட்டாம் வகுப்பு இசக்கியப்பனோ, தாயார் நேர்ந்த வேண்டுதலுக்காக வருடா வருடம் குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் குறத்தி வேடம் கட்டிக் காணிக்கை வாங்குகிறவன். சேலையில் தடுக்கி விழாமல் நடக்கத் தெரிந்த ஒரே பையன். தமிழய்யா வேறு யாரையும் தேடவில்லை.

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டது மேடை. சாக்குப் படுதாவைக் கயிற்றில் கட்டித் தூக்கியது திரை. தூண்டில் நரம்பில் பிளாஸ்டிக் மணி கோத்தது முத்துமாலை. ஒரே ஒரு சிக்கல்தான். தசராவுக்குக் கொடியேறி, அவன் கையில் காப்புக் கட்டியாகிவிட்டது. ராணிக்கு எதற்கு மஞ்சள் கயிறு, அவிழ்த்துவிட்டு வா என்றார் தமிழய்யா. வேண்டுதல் முடியுமுன் காப்பை அவிழ்ப்பதாவது? அவன் மசியவில்லை. கடைசியில் அதன்மேல் வளையல்களைத் தள்ளிவிட்டு மேடையேற்றினார்கள்.

கடைசிக் காட்சியில் ராணி முத்துமாலையை அறுத்தெறிந்து ஐந்து வரி பேச வேண்டும். இரண்டு வரி பேசிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சபையையே பார்த்தபடி நின்றான் இசக்கியப்பன். அது தமிழய்யா சொல்லிக்கொடுத்ததல்ல, அவனுடைய சொந்தச் சரக்கு. கூட்டம் மூச்சுவிடவில்லை. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்த வருடமும் அதே நாடகம், அதே ராணி, அதே கண்ணீர். ஊரில் அவனை ராணி என்று கேலி செய்தார்கள். அவன் வெட்கப்பட்டதாகக் காட்டிக்கொண்டான். உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது.

மூன்றாவது வருடம் புதுத் தலைமையாசிரியர் வந்தார். பெண் வேடத்துக்குப் பெண் பிள்ளைதான் என்று சொல்லி, வீடு வீடாகப் பேசிச் சம்மதமும் வாங்கிவிட்டார். எட்டாம் வகுப்பு இந்துமதிக்குக் கிரீடம் போனது. இசக்கியப்பனுக்குத் திரைக் கயிறு வந்தது.

கடைசிக் காட்சியில் அவள் மாலையை அறுத்தாள். இரண்டு வரி பேசினாள். பேசிவிட்டு, சபையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். இசக்கியப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. வேடத்தை எடுத்துக்கொண்டாய், சரி. என் மூச்சையுமா எடுத்துக்கொள்வாய்? கயிற்றை விட்டான். மிச்சம் மூன்று வரியை அவள் பேசுமுன் படுதா தொப்பென்று விழுந்தது. கை வழுக்கிவிட்டது என்று தமிழய்யாவிடம் சொன்னான்.

அந்த ஒரு படுதாதான் அவருடைய ஆயுள் சந்தோஷம். அதற்குப் பிறகு இந்துமதி மூன்று வருடம் ராணியாக நடித்து, மதுரைக்குப் போய்ப் பேராசிரியையாகி, ஊரெல்லாம் மாலை வாங்கினாள். ஒவ்வொரு மாலைக்கும் அண்ணாச்சி மனதுக்குள் அந்தப் படுதாவை ஒருமுறை விழவைத்துக்கொள்வார். இந்த ரகசியம் அவர் மனைவி முத்துக்கனிக்கு மட்டும் தெரியும்.

ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்து அவர் குதித்த குதியில் முத்துக்கனி சிரித்துவிட்டாள்.

“அம்பது வருசமாச்சு, இன்னும் அந்தச் சேலைய அவுக்க மனசில்லையே ஒங்களுக்கு.”

மறுநாள் விழாப் பொறுப்பாளரான ஆசிரியர் சிவப்பிரகாஷைப் பிடித்தார். படத்தில் இருப்பது நான்தான் என்று சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. வலது கையைப் பார்க்கச் சொன்னார். ஆண்தானே வலது கையில் காப்புக் கட்டுவான் என்று வாதாடினார். சிவப்பிரகாஷுக்கு வளையல்தான் தெரிந்தது. சிறப்பு விருந்தினரே மேடம்தான், வந்ததும் அவர்களிடமே கேட்டுவிடுவோம் அண்ணாச்சி என்று பணிவாகச் சொல்லிவிட்டார். அவளிடமா? இதுவரை எதை விட்டுக்கொடுத்தாள், இதை விட்டுக்கொடுக்க? அண்ணாச்சி நம்பிக்கையே இல்லாமல் விழாவுக்குப் போனார். ஆனாலும் முன்வரிசையில்தான் உட்கார்ந்தார்.

இந்துமதி மைக்கைப் பிடித்தாள். வணக்கம் சொன்ன கையோடு படத்தைக் காட்டினாள்.

“இதுல இருக்கது நானில்ல. வளையலுக்கு அடியில பாருங்க, வலது கையில காப்பு தெரியுது. பொம்பளப்பிள்ள இடது கையிலல்லா கட்டும். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மொத ராணி இசக்கியப்பன் அண்ணாச்சிதான்.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். ஐம்பது வருட எரிச்சல் ஒரு நொடியில் அணைந்தது. அத்தோடு அவள் உட்கார்ந்திருக்கலாம்.

“இன்னொண்ணும் சொல்லணும். நான் மொத மொத நடிச்ச அன்னைக்கு ரெண்டு வரி சொன்னேன், மிச்சம் மறந்துபோச்சு. மரம் மாதிரி நிக்கேன். அண்ணாச்சிதான் கயிறு பிடிச்சிருந்தாவ. என் மொகத்தப் பாத்தே புரிஞ்சுகிட்டு, சட்டுனு திரைய எறக்கி என் மானத்தக் காப்பாத்துனாவ. இல்லன்னா அன்னைக்கோட நான் மேடைப் பக்கமே வந்திருக்க மாட்டேன். இன்னைக்கு நான் வாங்குத மாலையெல்லாம் அவிய போட்டது.”

இரண்டாவது கைதட்டல் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்திருங்கள் என்று பக்கத்திலிருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். அண்ணாச்சி கும்பிட்டபடி எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பாவம், நெகிழ்ந்துவிட்டார் என்றார்கள்.

பெண்கள் வரிசையில் முத்துக்கனி மட்டும் கைதட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.