லவீனா துடைத்த துப்பாக்கி

அமெரிக்காவின் வெர்மான்ட் மலையில் டட்டில் வீட்டு மருமகள் லவீனாவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. பசுவின் வாலைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவள் என்று ஊரே கேலி பேசும். அவள் கைக்குத் தப்பியது கணப்புக்கு மேல் தொங்கிய சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்றுதான். சுதந்திரப் போருக்குப் போய்வந்த முப்பாட்டன் மாட்டிவைத்தது. “துருதான் அதுக்கு அழகு, தொட்டுடாத” என்று கணவன் அசா சொல்லியிருந்தான். முப்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், பாவம்.

சுதந்திர நாளான ஜூலை நான்காம் தேதி காலையில் அந்த வீட்டில் ஒரு கூத்து உண்டு. துப்பாக்கியின் விசைக்கு மேலே உள்ள சின்னக் கிண்ணியில் ஒரு சிட்டிகை வெடிமருந்து வைத்து, வீட்டுக்காரன் மச்சானின் நெஞ்சுக்கு நேராக நீட்டி விசையை இழுப்பான். பொறி பறக்கும், புகை கிளம்பும், மச்சான் செத்தவன்போல் நாற்காலியில் சாய்வான். அதன்பிறகுதான் அப்பமும் மேப்பிள் பாகும். அசாவின் தாத்தா காலத்துப் பழக்கம். வெறுந்துப்பாக்கிதானே என்று ஒருவரும் உள்ளே பார்த்ததில்லை.

அந்த வருஷம் முந்தின நாள் அசா வெளியே போயிருந்தபோது லவீனாவுக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்தாள். கிண்ணியிலிருந்து குழலுக்குள் நெருப்புப் போகும் சின்னத் துளையில் கல்லாய் இறுகியிருந்த கரியைக் கொண்டை ஊசியால் குத்தி எடுத்தாள். குழலுக்குள் விட்ட கோல் அடிவரை போகவில்லை. துரு அடைத்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் லவீனாவின் தம்பி வெண்டல் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். அசா மருந்து வைத்தான்.

“என்னடா இது, மருந்து நிக்கமாட்டேங்குது. துளை வழியா உள்ள எறங்குது.”

“எறங்கினா எறங்கட்டும் மச்சான். சீக்கிரம் சுடு, பசிக்குது.”

லவீனா அப்பத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“அசா, அத கீழ வை. துளையக் குத்தி எடுத்தது நான்தான். உள்ள கோலும் முழுசாப் போகல.”

அசா கோலைக் குழலுக்குள் விட்டு, அதே அளவைக் குழலின் வெளிப்புறம் வைத்துப் பார்த்தான். துளைக்கு நாலு விரல்கடை முன்னாலேயே நின்றது. திருகாணி மாட்டிய கோலால் இழுத்தபோது மக்கிய துணி வந்தது. பின்னால் ஈயக்குண்டு மேசையில் உருண்டது. கடைசியாகக் கொட்டிய மருந்தில் ஒரு சிட்டிகையை முற்றத்துக் கல்லில் வைத்துக் கொளுத்தினான். முப்பாட்டன் போட்ட மருந்து குபுக்கென்று எரிந்தது.

அடேயப்பா! இருநூறு வருஷம் அது விழித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எத்தனை மச்சான்மார் அதன் எதிரில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்!

லவீனா தம்பியின் சட்டைமேல் உள்ளங்கையை வைத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அப்பம் கருகும் வாசனை வந்தும் அவள் கையை எடுக்கவில்லை.