ஊர் வேண்டாமென்று எழுதிய காகிதம்

என் அக்கா புருஷன் கல்லலில் பிறந்த ஆசாரி. கல்யாணம் ஆன கையோடு மரவேலைக்கு ஹைதராபாத் போனவர், இருபது வருஷமாக அங்கேதான் குடித்தனம். ஆனாலும் மாசிக் களரித் திருவிழாவுக்கு வந்து குலதெய்வத்தின் முன்னால் நிற்காமல் இருந்ததில்லை. எங்கள் பக்கம் எந்தச் சீமைக்குப் போனவரும் மாசியில் வந்துவிட வேண்டும்.

அந்த இருபதாவது வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், அவர் மகள் டைப்ரைட்டிங் முடித்து அங்கே சர்க்கார் வேலைக்கு மனுப்போட்டாள். குறுக்கே வந்தது முல்கி விதி, நிஜாம் காலத்துச் சட்டம். தெலங்கானாவில் சர்க்கார் வேலை அந்த மண்ணின் ஆட்களுக்குத்தான். வெளியூர்க்காரன் என்றால் பதினைந்து வருஷம் அங்கே இருந்திருக்க வேண்டும்; அது போதாதென்று, சொந்த ஊருக்குத் திரும்பும் எண்ணமே இல்லை என்று மாஜிஸ்திரேட் முன்னால் எழுதியும் தர வேண்டும். தெலங்கானாவை ஆந்திராவோடு சேர்த்தபோது அந்தச் சனங்களுக்குக் கொடுத்த வாக்கு, காப்பாற்றட்டும். அவர்கள் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டாமா? அந்த விதி செல்லாது என்றது ஒரு கோர்ட்டு, மேல்கோர்ட்டு செல்லும் என்றது. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பிறந்த ஊரை வேண்டாமென்று எழுதச் சொல்ல எவனுக்கு என்ன உரிமை?

அப்பனின் ஊர்தான் பிள்ளையின் ஊர் என்று கணக்கு; மகளுக்காக அத்தான் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாசியில் கல்லல் ஸ்டேஷனில் அக்கா மட்டும் இறங்கினாள்.

"வரமாட்டேங்கிறாக. ஊரு வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சாமி முன்னால நிக்கிறதுன்னு கேக்குறாக" என்றாள்.

அந்த வருஷமே டெல்லி முல்கி விதியைத் தூக்கிப் போட்டது. பிறகு வந்த ஏற்பாட்டில், அங்கே படித்தவளா என்று மட்டும் பார்த்தார்கள். பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டைக் காட்டி அவள் வேலையில் சேர்ந்தாள். அப்பன் எழுதிய காகிதத்தை ஒருத்தரும் கேட்கவில்லை.

கோபம் தாங்காமல் நானே ஹைதராபாத்துக்கு ரயிலேறிப் போனேன்.

"சட்டமே போயிருச்சு அத்தான். நீங்க மட்டும் ஏன் அதப் பிடிச்சுக்கிட்டு இருக்கீக? களரிக்கு வந்துட்டுப் போனா யாரு கேக்கப் போறா?"

பலகையை இழைத்துக்கொண்டிருந்தவர் இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை. "சட்டம் போட்டது அவுக, எடுத்ததும் அவுக. எழுதுனது நாந்தானே மாப்ள."

கோர்ட்டு பேச்சை மாற்றியது. டெல்லி மாற்றியது. மந்திரிகள் ஊருக்கு ஒன்று பேசினார்கள். அவர்களில் ஒருத்தருக்காவது தூக்கம் கெட்டிருக்குமா?

அத்தான் அதற்குப் பிறகு கல்லல் மண்ணை மிதிக்கவே இல்லை. களரி விபூதியை அக்கா முந்தானையில் முடிந்து கொண்டுபோவாள். அதை வாங்கிப் பூசிக்கொள்ளவும் அவருக்குக் கை வரவில்லையாம்.