மாயுவின் ரத்தம் சொன்னதும் சொல்லாததும்

ஜப்பானின் மட்சுமோட்டோவில் நான் பரிமாறும் ஸொபா நூடுல்ஸ் கடையில் மாவு பிசைபவள் தோகியே. அவளுடைய தம்பி எய்ஜி சமையலைப் பார்த்துக்கொள்வான். எய்ஜியின் மனைவி சிஹோ மாடியில் குழந்தை மாயுவை வளர்த்தாள். சண்டை ஒரு ரத்தப் பரிசோதனையில் தொடங்கியது.

முட்டை சாப்பிட்டு மாயுவுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட, டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். முட்டையோடு, நூடுல்ஸ் செய்யும் ஸொபா தானிய மாவுக்கான எதிர்ப்பொருளும் ரத்தத்தில் இருப்பதாக முடிவு வந்தது. சிஹோ நடுங்கிப்போனாள். ஸொபா அலர்ஜி மூச்சையே அடைத்துவிடும் என்று அறியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை.

"எதிர்ப்பொருள் இருக்குன்னா அலர்ஜி வரலாம்னுதான் அர்த்தம். சாப்பிட்டா என்ன ஆகும்னு ரத்தம் சொல்லாதும்மா. கொஞ்சம் பெரியவளானதும் ஆஸ்பத்திரியிலயே குடுத்துப் பாப்போம். அதுவரைக்கும் குடுக்காதீங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எய்ஜி குளித்து, உடை மாற்றிய பிறகே மாடி ஏற முடிந்தது. தோகியேவை மாடிப் பக்கமே விடவில்லை.

மதியக் கூட்டத்துக்கு நடுவிலேயே தோகியே கத்துவாள். "ஏண்டி சிஹோ, நீ தின்கிற சோறு இந்த மாவுல வந்ததுதானே? அது விஷம்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறியா?"

"எனக்கு எம்பொண்ணு உயிரோட வேணும் அண்ணி. உங்க கடை எக்கேடோ கெட்டுப் போகட்டும்."

எய்ஜி தலை நிமிராமல் வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டிருப்பான். அவன் அக்காவுக்கும் நல்லவன், மனைவிக்கும் நல்லவன். அதனால் இருவருமே அவனை வெறுத்தார்கள்.

மாயு பள்ளியில் சேரும் முன், ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனை நடந்தது. எய்ஜி அடுப்பை விட்டு நகர முடியாததால் சிஹோ என்னைத் துணைக்கு அழைத்தாள். தோகியே கூப்பிடாமலே வந்து நின்றாள். ஊசி மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, நர்ஸ் முதலில் ஒரே ஒரு நூடுல்ஸ் துண்டைக் கொடுத்தாள். காத்திருந்தோம். பிறகு இன்னும் கொஞ்சம். சிஹோ மகளின் கழுத்தையும் உதட்டையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு தடிப்புகூட வரவில்லை. கடைசிக் கிண்ணத்தையும் மென்று முடித்த மாயு முகத்தைச் சுளித்தாள். "சப்புன்னு இருக்கு. அத்தை தர்றதுதான் நல்லா இருக்கும்."

டாக்டரின் பேனா நின்றது. சிஹோ மெல்லத் திரும்பினாள்.

"அண்ணி, குடுத்தீங்களா?"

தோகியே மழுப்பவில்லை. "குடுத்தேன். நீ வெளிய போறப்பல்லாம் குடுத்தேன். எங்க வீட்டுப் பிள்ளைக்கு எங்க மாவு ஆகாதா? இப்ப என்ன கெட்டுப் போச்சு?"

"நல்லவேளை தப்பிச்சாம்மா" என்றார் டாக்டர். அவர் குரலும் சூடாகவே இருந்தது. "இதே அளவு எதிர்ப்பொருள் இருந்த இன்னொரு குழந்தை முதல் வாயிலேயே மயங்கி விழுந்ததை நான் பாத்திருக்கேன். உங்களுக்கு எப்படித் தெரியும் இவ விழமாட்டான்னு?"



"மூச்சு நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" சிஹோவின் குரல் உடைந்தது. "எம்பொண்ணை வச்சு சூதாடியிருக்கீங்க. ஜெயிச்சிட்டீங்க. அதுக்காக நான் கும்பிடணுமா?"

அந்த வாரமே அவள் மகளோடு ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனாள். எய்ஜி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். அவர்களைத் திரும்பக் கூட்டிவரும் துணிவு அவனுக்கு இன்னும் வரவில்லை. கடைத்தெருவில் பாதிப் பேர் தோகியே பக்கம், மீதிப் பேர் சிஹோ பக்கம். நான் சிஹோ பக்கம்தான், ஆனால் கடையில் அதைச் சொல்வதில்லை.

மாயு இப்போது ஆசைப்பட்ட நேரமெல்லாம் ஸொபா சாப்பிடுகிறாள். சிஹோவே வாங்கித் தருகிறாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் போட்டிக் கடையில். அதைக் கேள்விப்பட்ட அன்று தோகியே பிசைந்த மாவைப் பலகையில் ஓங்கி அறைந்த சத்தத்தில் வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.