கரும்பச்சைப் புல்

காளவாசலில் ஒரு மாட்டுத்தீவன அலுவலகத்தில் எனக்கு வேலை. மாலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே உசிலம்பட்டி வந்து, அங்கே டவுன் பஸ் பிடித்து ஊரில் இறங்கும்போது இடுப்பு விட்டுப்போயிருக்கும். அதற்குப் பிறகுதான் தொழுவ வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் படித்ததும் விவசாயம்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைப்பதில்லை.

அந்த வருஷம் செவலைப் பசுவுக்குச் சினை ஊசி போட்டுப் போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை.

"இன்னொரு தடவை பாப்போம். நிக்கலேன்னா சந்தைக்குத்தேன்" என்றார் அப்பா. சினை பிடிக்காத மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது அப்பா, அம்மா, நான் என எங்கள் மூவருக்கும் தெரியும்.

தொழுவத்துக்குள் குனிந்தால் கண் எரிந்தது. மூத்திர வாடை அப்படி. ரோட்டோரத்தில் இருந்த எங்கள் தீவனப்புல்லுக்கு அப்பா ஒவ்வொரு அறுப்புக்கும் யூரியாவை அள்ளி வீசுவார். போகிறவர்கள் நின்று பார்க்கும் கரும்பச்சை. அதற்கு மேல் புண்ணாக்கு வேறு. இரண்டிலும் இருக்கிற தழைச்சத்து மாட்டுக்கு அளவுக்கு மீறினால் மிஞ்சியது மூத்திரத்தில் போய்விடும். போவதற்கு முன் ரத்தத்தில் சுற்றுகிறதே, அதுதான் கருவைத் தங்கவிடாது.

"யூரியாவ நிறுத்துங்கப்பா. தொழுவம் கழுவுற தண்ணி சும்மா தெருவுலதான ஓடுது? அதைப் புல்லுக்குத் திருப்புவோம். சத்தெல்லாம் அதுல இருக்கு."

"புல்லு வெளுத்துச்சுன்னா ஊருக்குள்ள எம் மூஞ்சிய எங்க வைக்கிறது?"

"மாடு கலரையா திங்கிது?"

"படிச்சது நீ. திங்கிறது அதுல்ல?" என்றார். ஆனாலும் தலையாட்டினார்.

லீவு நாட்களில் நானே மண்வெட்டி பிடித்து வாய்க்கால் வெட்டினேன். புண்ணாக்கையும் குறைத்தேன். கண் எரிச்சல் மட்டும் குறையவில்லை. ஒரு காலை, புல்லின் தூரில் வெள்ளை மணிகள் கிடந்தன.

"வெறும் மூத்திரத் தண்ணியில என்ன ஆத்தா இருக்கு? மேலாப்புல கொஞ்சம் வீசினேன்" என்றார் அப்பா.

அம்மாவும் வாயைத் திறந்தாள். "புண்ணாக்க நீ குறைச்சு வச்ச. நாந்தேன் ஒரு கை கூடப் போட்டேன். அது எம் மூஞ்சியவே பாக்குதுல்ல?"

எனக்குக் கத்தத் தெம்பில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இம்புட்டுப் பாசம் வச்சுத்தேன் ரெண்டு பேரும் அதை வெட்டுக்கு அனுப்பப் போறீக."

அப்பா யூரியா மூட்டையின் வாயைக் கட்டி மூலையில் தள்ளினார். செவலை அசை போட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த அறுப்பில் புல் வெளிறி வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் ரோட்டில் நின்று, "என்ன மாப்ள, புல்லுக்கு மஞ்சக்காமாலையா?" என்று கேட்டார். அப்பா காது கேளாதவர் போல நடந்தார். தொழுவத்தில் கண் எரிவது நின்றது. செவலை மறுபடி பருவத்துக்கு வந்தது, ஊசி போட்டோம். அதன் பிறகு பருவத்துக்கு வரவில்லை. நாள் கணக்குப் பார்த்து மாட்டு டாக்டரை வரவழைத்தோம். அவர் உள்ளே கைவிட்டு வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "சினைதான்" என்றார்.

"இந்தத் தடவை நல்ல ஊசி" என்றார் அப்பா. வாதாட எனக்கு நேரமில்லை. பஸ்ஸுக்குப் போக வேண்டும், அதற்குள் தொழுவத்தைக் கழுவ வேண்டும்.

விளக்குமாற்றால் தண்ணீரை வாய்க்காலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது வாசலில் அதே தோட்டக்காரரின் குரல். மூலையில் கிடக்கிற யூரியா மூட்டையைக் கேட்டார்.

"தூக்கிட்டுப் போ மாப்ள" என்றார் அப்பா. "எம் மகளுக்கு அந்த வாடை ஆகாது."