டீவிக்கு ஒன்று, படிக்கு ஒன்று

கொங்கிரீட் போல்ட் விற்பது, சுவருக்குள் போனதும் யார் கண்ணிலும் படாத ஒரு சாமானுக்காக வாதாடுகிற தொழில். ஹாட்வெயார் கடையில் நிற்கிற என் சகோதர சகோதரிகளே, தொண்டைத் தண்ணீர் எப்படி வற்றும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

யாரும் பார்க்காத சாமான்

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆக மலிவானது எது?" என்றுதான். நல்ல போல்ட்டை முடுக்கினால் அதன் உறை துளைக்குள் விரிந்து கொங்கிரீட்டைக் கவ்வும். மலிவானது விரிகிற மாதிரி பாவனை காட்டும். மடவளை நஸீர் நானாவிடமும் இதையே சொன்னேன். மேட்டில் புது வீடு கட்டியவர். ரோட்டிலிருந்து வாசலுக்குச் செங்குத்தான படி. முழங்கால் வலிக்காரியான மனைவி பக்கத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டு முன் ஹோலில் டீவி மாட்ட நானா யோசிக்காமல் நல்ல போல்ட்டை எடுத்தார். படியோரக் கைபிடிக் கம்பிக்கு மலிவானதைக் கேட்டார். "ஆள் பிடிச்சு ஏறுற கம்பி நானா, மாத்தி எடுக்குறீங்களே" என்றேன். மனைவி அவரைப் பார்த்தார். நானா சொன்னார்: "டீவி விழுந்தா சம்பந்தி வீட்டாக்கள் என்ன நெனைப்பாங்க? கம்பிய யாரு வந்து பாக்கப் போற?"

நெருப்புக்குச்சி வைத்தியம்

அந்த வீட்டு வேலை செய்த மேசன் பாஸ் ஹுன்னஸ்கிரியக்காரர். சிமெந்து வாங்க வந்தவரிடம் கம்பி எப்படி என்று கேட்டேன். போல்ட் துளைக்குள் சும்மா சுற்றியதாம். இதற்கு நம் ஊர் வைத்தியம் உங்களுக்கும் தெரியும்: துளைக்குள் நெருப்புக்குச்சிகளைத் திணித்து மேலே ஒரு அடி. அதைத்தான் செய்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கழற்றிவிட்டு நல்லது போடச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஆட்டிப் பாத்தேன்க்கா, அசையவே இல்ல. மேல பெயின்ட்டும் அடிச்சாச்சு."

மேசைக்குத் திரும்பிய போல்ட்

மழை தொடங்கிய பிறகு ஒரு காலை, நஸீர் நானாவின் மனைவி மணிக்கட்டில் கட்டுடன் வந்தார். பின்னால் நானா. ஈரப் படியில் கால் வழுக்கி மனைவி கம்பியைப் பிடித்திருக்கிறார். கம்பி சுவரை விட்டுக் கையோடு வந்துவிட்டது. நல்ல வேளை, பக்கத்துப் பூச்செடிகளுக்குள் விழுந்தார். அந்தப் படியில் உருண்டிருந்தால் மணிக்கட்டோடு போயிருக்காது.

கழன்று வந்த போல்ட்டை மனைவியே மேசையில் வைத்தார். அதில் நெருப்புக்குச்சி ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. நானா பெயின்ட் டின்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டீவி எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தேன். மனைவிதான் பதில் சொன்னார்:

"அது அசையாம ஈக்கி தங்கச்சி. நான் அதவிட பாரம் தானே, எனக்கும் அப்படி ஒண்டு தாங்க."

இப்போதும் மலிவானதைக் கேட்டு வருகிறவர்களைத் தடுக்காமல் எடுத்துத் தருகிறேன், காலண்டர் மட்டும்தான் மாட்டுவோம் என்று அவர்கள் சத்தியம் செய்தால்.