தெத்துப்பல்

மகளின் தெத்துப்பல்லுக்குக் கம்பி போடத் தமிழ் பேசும் டாக்டர்தான் வேண்டும் என்று அந்த பஸ் டிரைவர் பிழைக்க வந்த ஊரையே சல்லடை போட்டுச் சலித்தார். இருக்காதா பின்னே? வாயைப் பிளந்து கிடக்கிற பிள்ளையால் எந்த மொழியிலும் பேச முடியாது. பக்கத்தில் நிற்கிற அப்பனாவது நாலு கேள்வி கேட்க வேண்டாமா? முதலில் பார்த்த டாக்டர் அந்த ஊர் மொழியில் சொன்னதற்கெல்லாம் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிவிட்டு வந்து, மனைவி கேட்டதற்குத் திருதிருவென்று விழித்தவர் அவர்.

மகளுக்கோ கம்பியே வேண்டாம். "எனக்கு இந்தப் பல்லு பிடிச்சிருக்குப்பா" என்றாள். "விட்டுடுங்களேன், அழகாத்தானே இருக்கு" என்றாள் மனைவியும். கேட்டாரா மனுஷன்? பஸ்ஸில் தமிழில் போன் பேசிக்கொண்டு வந்த ஒரு பெண்மணியை விசாரிக்கப்போய், தமிழ் பேசும் டாக்டரம்மாவின் விலாசம் கிடைத்தது. அப்புறம் பிடித்த பிடியை விடவில்லை.

கம்பி ஏறிய நாளிலிருந்து மகள் வாயை மூடிக்கொண்டே சிரித்தாள். பல் வரிசைக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

பள்ளிக்கூடத்திலும் டிப்போவிலும் அந்த ஊர் மொழியில் அவரே சொன்னார். யாரோ வீட்டுச் சேதி போல அது வாயிலிருந்து வந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் மனைவிதான் சொன்னாள். தமிழில் அவர் வாய் அதைச் சொல்லவே இல்லை.

அப்போதுதான் டாக்டர் போன் செய்தார். "பாப்பா ஏன் வரலை? கம்பியை முடுக்கணுமே."

"பரீட்சை டாக்டர். அடுத்த மாசம் கூட்டிட்டு வர்றேன்."

எப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. சொன்னதும் உள்ளறையில் அவள் உட்கார்ந்து படிப்பதுபோல் இருந்தது. தாள் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. அடுத்த மாதமும் போன் வந்தது, அதற்கடுத்த மாதமும். உலகத்தில் அவளை உயிரோடு இருப்பவளாக விசாரிக்க ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அந்த மகராசியை எப்படி விடுவார்? போன் வராத மாதத்தில் அவரே கூப்பிட்டார்.

"கம்பி கொஞ்சம் குத்துதுங்கிறா, டாக்டர்" என்று ஒருநாள் சொல்லிவிட்டுத் திரும்பினால், பின்னால் மனைவி நிற்கிறாள்.

"யாருக்குங்க கம்பி குத்துது?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு பயமா இருக்குங்க. நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வாங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

போனார். "பாப்பா எங்கே, பின்னாடி வர்றாளா?" என்று டாக்டர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பாவி மனுஷன், அவரும் திரும்பிப் பார்த்தார். வாசலில் ஒருவரும் இல்லை.

"என் பொண்ணு செத்துப்போயிட்டா டாக்டர்."

சொன்னதும் அழ ஆரம்பித்தார். டாக்டர் பிடித்து உட்காரவைத்தார். அவர் அழுது ஓயும்வரை எதுவும் கேட்கவில்லை. பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டர் அச்சை எடுத்துவந்து கையில் கொடுத்தார். கம்பி போடுவதற்கு முன்னால் மகளின் வாயில் அச்செடுத்து வார்த்த பல்வரிசை அது.

வீட்டில் மனைவி அதை மடியில் வைத்து, ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள்.

"இருக்குங்க. தொட்டுப் பாருங்க."

"பிடிச்சிருக்குன்னு சொன்னாளே" என்றார் அவர். கை எழவில்லை.