கம்பியில் சுற்றிய டேப்

தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஒயர் ரோப் கடைக்கு அவர் அடிக்கடி வருவார். கழுத்தில் கறுப்புக் கண்ணாடி தொங்கும். இரண்டு பேர் உட்காரும் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருந்தார். குறைந்த செலவில் அதைப் பந்தயப் படகு போல ஆக்கிவிட ஆசை. சிவப்புக் கயிறு, பளபளக்கும் கப்பி என்று எதை வாங்கினாலும், கடை வாசலிலேயே படம் பிடித்து யாருக்காவது அனுப்பிவிட்டுத்தான் நகருவார்.

ஒருநாள் படகைக் காட்ட என்னை எண்ணூருக்கு அழைத்துப் போனார். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பியில் பிரிகள் அறுந்து துருத்திக்கொண்டிருந்தன.

"சார், மரத்தப் புட்ச்சிகினு கீறதே இந்தக் கம்பிதான். கப்பி வெலயில பாதிகூட ஆவாது. மொதல்ல இத்த மாத்து சார்."

"கம்பியை யாருப்பா பாக்கப் போறாங்க?" என்று சிரித்தபடி, அறுந்த இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றினார்.

அடுத்த வாரம் கடலில் அந்தக் கம்பி அறுந்து, பாய்மரம் அவர் மனைவியின் தோளில் விழுந்தது. மீன்பிடிப் படகு ஒன்று அவர்களைக் கரைக்கு இழுத்து வந்ததாம். மறுநாள் கடைக்கு வந்து அவரேதான் சொன்னார்.

"அம்மாவுக்கு எப்டி கீது சார்?"

"எலும்பு முறிவுதான், சேர்ந்துடும். நல்லவேளை, கப்பிக்கு ஒண்ணும் ஆகல."

இப்படியும் ஒரு ஜென்மமா என்று பல நாள் திட்டியிருக்கிறேன். ஆனால் அன்று எண்ணூரில் என் பையில் கம்பி வெட்டும் கட்டர் இருந்தது. அந்தக் கம்பியை அங்கேயே வெட்டிவிட்டிருந்தால் படகு கடலுக்கே போயிருக்காது. கட்டரை வெளியே எடுக்காமல், "உங்க இஷ்டம் சார்" என்று பஸ் ஏறிவிட்ட என்னை எதைச் சொல்லித் திட்டுவது?